விடுமுறைகளில் உருவான விஞ்ஞானி: டொரதி ஹொட்ஜ்கின்

வெளிநாட்டு ஆய்வுகூடமொன்றில் கோடை விடுமுறையின் சில வாரங்களைச் செலவிட்டு ஆராய்ச்சிப் பயிற்சி பெற வேண்டும் என்ற ஆசை இன்று நமது மாணவியர் பலரிடம் இருக்கிறது. விண்ணப்பப் படிவத்தைக் கையில் எடுத்தவுடனேயே வீட்டில் கேள்விகளும் எழுந்துவிடுகின்றன. ஆறேழு வாரங்களில் அப்படி என்னதான் கற்றுவிட முடியும்? பெண் பிள்ளையை அறிமுகமில்லாத ஊருக்கு எப்படி அனுப்புவது? செலவை யார் பார்ப்பது? இவை வீண் கேள்விகள் அல்ல. இவற்றை மனதில் வைத்துக்கொண்டு, 1964ஆம் ஆண்டு இரசாயனவியலுக்கான நோபல் பரிசைத் தனியொருவராகப் பெற்ற டொரதி ஹொட்ஜ்கினின் வாழ்க்கையைப் படித்தால், அவரது பாதை திரும்பிய இடங்கள் பலவும் விடுமுறைகளாகவே இருப்பதைக் காணலாம்.

டொரதி 1910ஆம் ஆண்டு மே 12ஆம் திகதி எகிப்தின் கெய்ரோ நகரில் பிறந்தார். தந்தை ஜோன் குரோபுட் அங்கு கல்வித் துறையில் பணியாற்றிய ஆங்கிலேயர். பின்னர் சூடானின் கல்விப் பணிப்பாளராகவும் கார்ட்டூமிலிருந்த கோர்டன் கல்லூரியின் அதிபராகவும் ஆனார். இன்றைய கார்ட்டூம் பல்கலைக்கழகம் அக்கல்லூரியிலிருந்து வளர்ந்ததுதான். தாய் கிரேஸ் சூடானின் காட்டுப் பூக்களைத் தேடித் தேடி வரைந்தவர். உள்ளூர்ப் பெண்களிடம் நெசவு கற்று, பழங்கால நெசவு பற்றிய அறிஞராகப் பின்னாளில் மதிக்கப்பட்டவர்.

1914இல் முதலாம் உலகப் போர் மூண்டபோது டொரதிக்கு நான்கு வயது. அவரையும் இரண்டு தங்கைகளையும் இங்கிலாந்தில் பாட்டனார் வீட்டுக்கு அருகில் ஒரு பணிப்பெண்ணின் பொறுப்பில் விட்டுவிட்டுப் பெற்றோர் திரும்பிச் சென்றார்கள். போர் முடியும்வரை தாயைக் காண்பது அரிதாயிற்று. குடியேற்ற நாடுகளில் பணிபுரிந்த ஆங்கிலேயக் குடும்பங்களில் இது வழக்கமாக நடந்ததுதான். ஆனாலும் இதைப் பெருமையாக எழுத எனக்கு மனமில்லை. நான்கு வயதுப் பிள்ளைக்குத் தாய் இல்லாத நான்கு ஆண்டுகள் எவ்வளவு நீண்டவை என்பது எந்த வீட்டாருக்கும் தெரியும். தங்கைகளைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பும், தன் காரியத்தைத் தானே முடிவுசெய்யும் பழக்கமும் மூத்தவளான டொரதிக்கு இக்காலத்திலேயே வந்துவிட்டன.

பத்து வயதளவில் ஒரு சிறிய வகுப்பில் படிகாரத்தையும் செப்புச் சல்பேற்றையும் நீரில் கரைத்துப் பளிங்கு வளர்க்கக் கற்றார். கரைசலில் தொங்கவிட்ட நூலில் நாளுக்கு நாள் நீலப் பளிங்கு பெரிதாவதை நம் பாடசாலை ஆய்வுகூடத்திலும் பலர் பார்த்திருப்பீர்கள். பெரும்பாலானோருக்கு அது ஒரு புள்ளி பெறும் செய்முறை. டொரதி அதை மறக்கவில்லை. 1921இல் பெக்கில்ஸ் என்னும் சிற்றூரின் பாடசாலையில் சேர்ந்தார். அங்கே இரசாயனவியல் ஆண் பிள்ளைகளுக்கான பாடம். டொரதியும் நோரா பியூசி என்ற இன்னொரு மாணவியும் மட்டும் அந்த வகுப்பில் அமர அனுமதி பெற்றார்கள். கற்பித்தவர் மிஸ் டீலி என்ற பெண் ஆசிரியர்.

பதின்மூன்றாவது வயதில், பெற்றோருடன் தங்குவதற்காக அவர் சூடானுக்குச் சென்றார். கார்ட்டூமில் டொக்டர் ஏ.எப். ஜோசப் என்றொரு மண் இரசாயனவியலாளர் இருந்தார். குடும்ப நண்பர். அவரது ஆய்வுகூடத்தைப் பார்க்கப் போன இடத்தில், மண்ணை நீரில் அலசிப் பொன் துகளைப் பிரித்தெடுக்கும் முறையை டொரதிக்குக் காட்டினார்கள். இரத்தினபுரிப் பக்கம் மாணிக்க மண்ணைக் கூடையில் அரிப்பதைக் கண்டவர்களுக்கு அது எப்படியிருந்திருக்கும் என்று விளங்கும். வீட்டுக்கு வந்த டொரதி தோட்டத்தில் ஓடிய நீரில் அதே வேலையைத் தானும் செய்து பார்த்தார். பொன் கிடைக்கவில்லை. கறுப்பாக மினுங்கும் கனமான ஒரு துகள்தான் அடியில் தங்கியது.

அதை எடுத்துக்கொண்டு டொக்டர் ஜோசப்பிடம் போனார். இது என்ன என்று அவர் பெயரைச் சொல்லியிருந்தால் கதை அத்துடன் முடிந்திருக்கும். அவரோ இரசாயனப் பொருட்களைக் கொடுத்து, நீயே பகுத்தறிந்து பார் என்று தன் ஆய்வுகூடத்தில் இடமும் கொடுத்தார். அவரது உதவியுடன் ஒவ்வொரு சோதனையாகச் செய்து, அது இரும்பும் டைட்டேனியமும் ஒட்சிசனும் சேர்ந்த இல்மனைட் என்று அந்தச் சிறுமி கண்டறிந்தார். நம் புல்மோட்டைக் கடற்கரையின் கரிய மணலில் இருப்பதும் இதே இல்மனைட்தான். கார்ட்டூம் தோட்டத்தில் ஒரு பிடி கிடைத்தது. நமக்கோ கரை நீளக் கிடக்கிறது. ஊருக்குத் திரும்பும்போது டொக்டர் ஜோசப் அவருக்கு ஒரு பரிசு கொடுத்தார். கனிய ஆய்வாளர்கள் வெளிக்களத்துக்கு எடுத்துச் செல்லும் பெட்டி. உள்ளே சோதனைப் பொருட்களும் கனிய மாதிரிகளும். இங்கிலாந்தில் வீட்டின் மேல்மாடத்தில் ஒரு சிறு ஆய்வுகூடம் அமைந்தது.

பதினாறாவது பிறந்த நாளுக்குத் தாய் வாங்கிக் கொடுத்தது, வில்லியம் பிராக் என்ற விஞ்ஞானி சிறுவர்களுக்காக ஆற்றிய விரிவுரைகளின் நூல். எக்ஸ் கதிர்களைப் பளிங்கினூடாகச் செலுத்தினால் உள்ளேயிருக்கும் அணுக்களின் ஒழுங்கை அறியலாம் என்பதை அதில்தான் டொரதி முதலில் படித்தார். அதற்குள் ஒக்ஸ்போர்ட் செல்லும் எண்ணம் உறுதியாகிவிட்டது. ஆனால் அனுமதிப் பரீட்சைக்கு இலத்தீன் வேண்டும். இரண்டாவதாக ஒரு விஞ்ஞானப் பாடமும் வேண்டும். இரண்டும் பாடசாலையில் அவருக்குக் கிடைத்திருக்கவில்லை. அதிபரே இலத்தீனைத் தனியாகக் கற்றுக்கொடுத்தார். கிராமத்துப் பாடசாலையிலிருந்து பெரிய பல்கலைக்கழகத்துக்குப் போக நினைக்கும் பிள்ளைக்கு முன்னே திறமைக்குச் சம்பந்தமில்லாத இப்படியான வேலிகள் எத்தனை நிற்கின்றன! ஒக்ஸ்போர்டில் பெண்களுக்குரிய சமர்வில் கல்லூரியில் 1928இல் இடம் கிடைத்தது.

பாடசாலைக்கும் பல்கலைக்கழகத்துக்கும் இடையிலான மாதங்களில் மறுபடியும் கிழக்கே பயணம். தந்தை இப்போது எருசலேமில் தொல்பொருள் ஆய்வு நிறுவனமொன்றின் தலைவர். இன்றைய ஜோர்தானிலுள்ள ஜெராஷில் பைசாந்தியக் காலத் தேவாலயங்களை அகழ்ந்துகொண்டிருந்தார்கள். தரையில் பதித்திருந்த வண்ணக் கற்களின் கோலங்களை அளந்து வரைவது டொரதியின் வேலை. ஒரு சிறு அலகு திரும்பத் திரும்ப வந்து தரை முழுவதையும் நிரப்பும் அழகு அவரை ஈர்த்தது. இரசாயனவியலை விட்டுவிட்டுத் தொல்பொருளியலுக்கே போய்விடலாமா என்றுகூட யோசித்தார். பளிங்கிலும் நடப்பது அதுதானே: ஒரே அலகு எல்லாத் திசையிலும் மீண்டும் மீண்டும் அடுக்கப்படுகிறது. ஒக்ஸ்போர்டின் முதலாண்டில் ஜெராஷின் கண்ணாடித் துண்டுகளை ஆய்வுகூடத்தில் பகுப்பாய்வு செய்து இரண்டு ஆசைகளையும் சிறிது காலம் சேர்த்தே வைத்திருந்தார்.

மூன்றாம் ஆண்டின் முடிவில், 1931இல், வந்தது ஹைடல்பேர்க் கோடை. ஒக்ஸ்போர்ட் இரசாயனவியல் மாணவர்கள் நான்காம் ஆண்டை முழுதாக ஆராய்ச்சியில் செலவிட வேண்டும். டொரதி எக்ஸ் கதிர்ப் பளிங்கியலைத் தெரிந்தெடுத்திருந்தார். அதைத் தொடங்குமுன் ஜேர்மனியிலுள்ள ஹைடல்பேர்க் நகரில் பேராசிரியர் விக்டர் கோல்ட்ஷ்மிட்டின் ஆய்வுகூடத்துக்குச் சென்றார். கோல்ட்ஷ்மிட் அப்போது எழுபது வயதைக் கடந்தவர். பளிங்குகளின் வடிவங்களையெல்லாம் வரைந்து பல தொகுதிகளாக வெளியிட்டவர். பளிங்கின் முகங்களுக்கு இடையிலான கோணங்களை நுட்பமாக அளக்கும் கருவியால் பெயர் பெற்றவர். அந்த ஆய்வுகூடத்தின் கலை, பளிங்கை வெளியிலிருந்து கண்ணால் படிப்பது. டொரதி படிக்கப் போனதோ, எக்ஸ் கதிர் கொண்டு உள்ளிருந்து படிப்பது.

அப்படியென்றால் அந்தக் கோடை வீணா? நான் அப்படி நினைக்கவில்லை. ஒரு பளிங்கை எக்ஸ் கதிரின் முன் வைப்பதற்கு முன்னரே அதன் அச்சுகள் எங்கே, சமச்சீர் எங்கே என்று அறிந்திருக்க வேண்டும். அந்தப் பழக்கம் கண்ணுக்கும் கைக்கும் வரவேண்டியது, நூலில் வராது. பொறுமையாகக் கோணம் அளப்பதையே வாழ்நாள் வேலையாகக் கொண்ட ஒரு முதியவரின் ஆய்வுகூடத்தைவிட அதற்கு நல்ல இடம் வேறு எது? கோல்ட்ஷ்மிட் 1933இல் காலமானார். அவர் ஒரு யூதர். அவ்வாண்டு ஹிட்லர் ஆட்சியைப் பிடித்தார். இரண்டே ஆண்டுகள் பிந்தியிருந்தால் அந்தக் கதவு டொரதிக்குத் திறந்திருக்காது.

1932இல் முதல் வகுப்பில் தேறினார். அடுத்தது என்ன என்ற கேள்விக்குப் பதில் ஒரு ரயில் பெட்டியில் வந்தது. கார்ட்டூமின் டொக்டர் ஜோசப், பயணத்தில் தற்செயலாகக் கேம்பிரிட்ஜின் பேராசிரியர் லௌரியைச் சந்தித்தார். தமக்குத் தெரிந்த இந்தப் பெண்ணைப் பற்றிப் பேச்சு வந்தது. கேம்பிரிட்ஜில் ஜே.டி. பேர்னாலிடம் போகட்டும் என்பது லௌரியின் யோசனை. பதின்மூன்று வயதில் கறுப்புத் துகளோடு வந்த சிறுமியை, ஒன்பது ஆண்டுகள் கழிந்தும் அந்த மனிதர் மறந்திருக்கவில்லை! சிறு பயிற்சிக் காலங்களின் பயனைக் கணக்கிடும்போது நாம் சான்றிதழைத்தான் பார்க்கிறோம். நம் வேலையைக் கண்ணால் கண்ட ஒருவர் எங்கோ ஓரிடத்தில் நம் பெயரைச் சொல்லக்கூடும் என்பது எந்தக் கணக்கிலும் வருவதில்லை.

செலவைப் பற்றியும் சொல்ல வேண்டும். கேம்பிரிட்ஜ் கொடுத்த புலமைப்பரிசில் 75 பவுண் மட்டுமே. மீதியை ஏற்றவர் உறவினரான டொரதி ஹூட் என்ற பெண்மணி. ஒக்ஸ்போர்ட் காலக் கட்டணங்களை எல்லாம் கட்டியவரும் அவரே. நோபல் பரிசு வரலாறுகளில் அவர் பெயர் ஒரு வரியில் வந்து போகிறது. குடும்பத்தில் ஒரு பிள்ளையின் படிப்புக்குக் கைகொடுக்கும் மாமியோ சாச்சியோ இல்லாமல் எத்தனை திறமைகள் வீட்டோடு நின்றிருக்கும் என்று எண்ணிப் பார்க்கலாம்.

பேர்னாலின் ஆய்வுகூடத்தில் இரண்டு ஆண்டுகள் மகிழ்ச்சியாகக் கழிந்தன. 1934இல் சுவீடனின் உப்சாலாவிலிருந்து பெப்சின் என்னும் புரதத்தின் பளிங்குகள் அங்கு வந்து சேர்ந்தன. அவற்றை வளர்த்தவர் பனிச்சறுக்கு விளையாடப் போயிருந்த நாட்களில், குளிர்சாதனப் பெட்டியில் அவை தாமாகவே பெரிதாக வளர்ந்திருந்தன. காயவிடாமல் தாய்க் கரைசலோடு நனைந்தபடியே வைத்துப் பிடித்தபோது தெளிவான எக்ஸ் கதிர்ப் படம் விழுந்தது. புரதமொன்றுக்குக் கிடைத்த முதலாவது அத்தகைய படம் அது. அந்த முதற்படம் விழுந்த நாளில் டொரதி ஆய்வுகூடத்தில் இல்லை. கைவிரல் மூட்டுகள் வீங்கி வலித்ததால் இலண்டனில் வைத்தியரிடம் போயிருந்தார். மூட்டுவாத நோய் என்று தெரியவந்தது. வயது இருபத்து நான்கு. அந்த நோய் கடைசிவரை அவரை விடவில்லை, விரல்கள் கோணிப்போயின.

அதே ஆண்டு ஒக்ஸ்போர்டுக்குத் திரும்பினார். பல்கலைக்கழக அரும்பொருட்சாலைக் கட்டடத்தின் ஒரு மூலையில் அவருக்கு இடம் கிடைத்தது. பளிங்கைப் பொருத்துவது மேலே ஒரு மாடத்தில். எக்ஸ் கதிர்க் கருவி கீழே. கண்ணுக்கு அரிதாகத் தெரியும் பளிங்கை ஒரு கையில் பிடித்தபடி ஏணி போன்ற படிகளில் இறங்க வேண்டும். கருவியின் ஆளியை விரல்களால் தள்ள முடியாமல் போனபோது அதற்கு ஒரு நீண்ட பிடியைச் செய்வித்துப் பொருத்திக்கொண்டார். இரசாயனவியல் ஆசிரியர்களின் சங்கக் கூட்டங்களில் பெண்களுக்கு இடமில்லை என்பதையும் இங்கே சேர்த்துக்கொள்ளலாம்.

1937இல் தோமஸ் ஹொட்ஜ்கினை மணந்தார். தோமஸ் பலஸ்தீனத்தில் பிரித்தானிய நிர்வாகத்தில் வேலை பார்த்தவர். அரபு மக்கள் மீதான அரசின் போக்கை ஏற்க முடியாமல் 1936இல் பதவியைத் துறந்தவர். பின்னாளில் ஆபிரிக்க வரலாற்றாசிரியராகப் புகழ் பெற்றார். மூன்று பிள்ளைகள் பிறந்தார்கள். டொரதியின் ஆராய்ச்சி நிற்கவில்லை.

அவர் செய்த வேலையை எளிதாகச் சொல்வதென்றால் இப்படிச் சொல்லலாம். பளிங்கினூடாகச் செல்லும் எக்ஸ் கதிர் சிதறி, படச்சுருளில் நூற்றுக்கணக்கான புள்ளிகளாக விழுகிறது. ஒவ்வொரு புள்ளியின் கருமையையும் அளந்து, நீண்ட கணக்குகள் செய்து, அணுக்கள் எங்கெங்கே இருந்தால் இந்தப் புள்ளிகள் இப்படி விழும் என்று பின்னோக்கிக் கண்டுபிடிக்க வேண்டும். நிழலைக் கொண்டு உருவத்தைக் கண்டறிவது போன்ற வேலை. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் காயமடைந்தவர்களைக் காப்பாற்றிய பெனிசிலினின் அமைப்பை 1945இல் இவ்வழியில் கண்டறிந்தார். புகழ்பெற்ற இரசாயனவியலாளர் ரொபர்ட் ரொபின்சன் வேறோர் அமைப்பே சரியென்று நம்பியிருந்தார். டொரதியின் படங்கள் அது தவறெனக் காட்டின. அடுத்து உயிர்ச்சத்து பி12. கொடிய இரத்தச்சோகை நோயைத் தீர்க்கும் இச்சேர்வையின் முதற்படம் 1948இல் எடுக்கப்பட்டது. முழு அமைப்பு துலங்க ஏறக்குறைய எட்டு ஆண்டுகள் ஆயின. பெருங்கணக்குகளை அமெரிக்காவின் கலிபோர்னியாவில் ஒரு நண்பரின் குழு கணினியில் செய்தது. விடைகள் கடிதத்திலும் தந்தியிலும் கடல் கடந்து வந்தன.

நோபல் பரிசுச் செய்தி 1964இல் வந்தபோது அவர் கணவர் பணியாற்றிய கானாவில் இருந்தார். இங்கிலாந்துப் பத்திரிகையொன்று தலைப்பில் அவரை இல்லத்தரசி என்று குறிப்பிட்டது. விஞ்ஞானத்தில் நோபல் பரிசு பெற்ற பிரித்தானியப் பெண் இன்றுவரை அவர் ஒருவரே.

பரிசு பெற்ற பின்னும் ஒரு கடன் மீதியிருந்தது. இன்சுலினின் முதற்பளிங்கை ரொபின்சன் அவரிடம் கொடுத்தது 1934இல். ஏறக்குறைய எண்ணூறு அணுக்களைக் கொண்ட அந்த மூலக்கூறு அன்றைய முறைகளுக்கு மிகப் பெரிது. அதை அவர் கைவிடவில்லை. முறைகள் வளரும்வரை காத்திருந்தார். 1969இல், முப்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பின், அமைப்புத் தெளிவாயிற்று. சீனி வருத்தத்துக்கு உம்மும்மா தினமும் ஏற்றிக்கொள்ளும் ஊசி மருந்தின் உருவத்தை உலகம் முதன்முதலில் கண்டது அப்போதுதான். அந்த வேலையை முடித்த குழுவில் பல நாட்டு இளைஞர்கள் இருந்தார்கள். பெங்களூரிலிருந்து வந்த எம். விஜயன் அவர்களில் ஒருவர். திரும்பிச் சென்று இந்தியாவில் புரதப் பளிங்கியலை வளர்த்தவர். சீன விஞ்ஞானிகளும் தம் நாட்டில் தனியாக இன்சுலினின் அமைப்பைக் கண்டிருந்தார்கள். வெளியுலகம் அவர்களை அறியாதிருந்த அந்நாளில், நேரில் சென்று பார்த்து அவர்களது வேலையின் தரத்தை மற்ற நாடுகளுக்கு எடுத்துச் சொன்னவர் டொரதி.

1970 முதல் 1988 வரை பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தின் வேந்தராக இருந்தார். பெயருக்கு மட்டும் உரிய பதவி அது என்று பலர் கருதுவர். அக்காலத்தில் அங்கே வளரும் நாடுகளின் மாணவருக்கென ஒரு புலமைப்பரிசிலும், வெளிநாட்டு மாணவர் தங்குவதற்கு ஹொட்ஜ்கின் இல்லம் என்ற விடுதியும் தோமஸின் நினைவாக ஏற்பட்டன. வேற்றூரில் படிக்கப் போகிறவருக்கு முதலில் வேண்டியது தலைசாய்க்க ஓரிடம் என்பதைக் கார்ட்டூமிலும் ஹைடல்பேர்க்கிலும் விருந்தாளியாக இருந்த அவர் அறிந்திருப்பார்தானே!

1993இல் பளிங்கியலாளரின் சர்வதேச மாநாடு பீஜிங்கில் கூடியது. டொரதிக்கு எண்பத்து மூன்று வயது, நடக்க இயலாது. சக்கர நாற்காலியில் அமர்ந்தபடி சீனாவுக்குப் பயணமானார். பழைய மாணவர்களும் சீன நண்பர்களும் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். மறு ஆண்டு ஜூலை 29ஆம் திகதி இங்கிலாந்தின் வோரிக்ஷயரிலுள்ள தமது வீட்டில் காலமானார்.